பத்துக்குப் பத்து அறையில் இசைப்பதிவு

வீட்டுக் கணினியில் பாட்டைப் பதிவு செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் மென்பொருளைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ரீப்பரா, கியூபேஸா, எஃப்எல் ஸ்டுடியோவா? அதன்பின் மைக்கைப் பற்றிப் பேச்சு வருகிறது, பிறகு கணினியின் வேகம். அறையைப் பற்றிக் கேட்பவரைக் காண்பது அரிது. பதிவின் தரம் எதனால் அமைகிறது என்று பார்த்தால் இந்த வரிசை ஏறத்தாழத் தலைகீழாக இருக்க வேண்டும். பாடுபவருக்கும் வாத்தியத்துக்கும் அடுத்தபடி அறை, அதற்கடுத்து மைக்கும் அதை வைக்கும் இடமும், பிறகு சவுண்ட் கார்டு, மென்பொருள் கடைசி. பணமும் கவனமும் இந்த வரிசையில்தான் செலவாக வேண்டும் என்பது என் முடிவு.

இங்கே கர்நாடக இசையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றை வீட்டில் பதிவு செய்யும் தேவை இன்று பல குடும்பங்களில் இருக்கிறது. போட்டிக்கும் சபாத் தேர்வுக்கும் மாணவர்கள் பதிவு அனுப்புகிறார்கள். ஒரு மூத்த வித்வானின் பாடாந்தரத்தை அவர் இருக்கும்போதே சேமித்துவிட வேண்டும் என்று சிஷ்யர்கள் தவிக்கிறார்கள். ஆனால் சந்தையில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் கிட்டார், டிரம்ஸ், ராப் குரல் ஆகியவற்றுக்காக எழுதப்பட்டவை. அவற்றின் அறிவுரையில் பாதி நமக்கும் பொருந்தும். மீதிப் பாதி பொருந்தாததோடு, சில இடங்களில் இசையையே கெடுத்துவிடும்.

வீட்டுப் பதிவு என்பதால் தரம் குறைவாகத்தான் இருக்கும் என்ற தயக்கம் தேவையில்லை. 1979இல் டாஸ்காம் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டுடியோ 144’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதியும் கருவி அது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தம் வீட்டில் அதையும் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகளையும் வைத்து, மாதிரிக்காகப் பதிந்த பாடல்கள்தான் 1982இல் ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வெளிவந்தன. 2020இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்ற, பாடகி பில்லி ஐலிஷின் ஆல்பம், பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய அண்ணனின் படுக்கையறையில் உருவானது. கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரகுமான் 1989இல் தம் வீட்டு வளாகத்தில் தொடங்கிய பஞ்சதன் வேறு வகை. அது வீட்டோடு இருந்த, முறையாகக் கட்டப்பட்ட ஸ்டுடியோ. நாம் பேசுவது முன்னதைப் பற்றி, அதாவது ஏற்கெனவே இருக்கும் ஓர் அறையைப் பற்றி.

நம் ஊர் அறைக்கு இரண்டு குணங்கள் உண்டு. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை என்று ஆறு பக்கமும் ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள், இது ஒன்று. பல வீடுகளில் பத்துக்குப் பத்து என்று சதுரமாகவே கட்டிவிடுகிறார்கள், இது இன்னொன்று. பதிவுக்குச் சதுர அறை மிக மோசமானது. பத்தடி தூரத்தில் நிற்கும் இரண்டு இணைச் சுவர்களுக்கிடையே, நம் வெயிலில், ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கும். நீளமும் அகலமும் ஒன்றானால் இரண்டு திசைகளிலும் அதே அதிர்வெண்கள்தான் ஓங்கும். இதன் விளைவை ஓர் ஆண்குரலில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டை சுருதியில் ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்தர ஸ்தாயியில் கைசிகி நிஷாதம் 116 ஹெர்ட்ஸுக்கு அருகில் விழும். அறையின் இரண்டாவது ஓங்கல் 114. ஆகவே அந்த நிஷாதத்தில் பாடகர் நிற்கும்போதெல்லாம் ஒலி வீங்கும். பக்கத்து ஸ்வரங்களில் வீங்காது. கேட்பவர் பாடகருக்கு அந்த இடத்தில் குரல் கட்டுக்கடங்கவில்லை என்று நினைப்பார். கேட்பது அறையின் குரல்.

இதற்குக் கடைக்காரர் காட்டும் மருந்து, முட்டை அட்டை போல மேடு பள்ளமான ஓர் அங்குல ஸ்பாஞ்ச். முட்டை அட்டையையே ஒட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் மேல் அதிர்வெண்களை மட்டும் ஓரளவு விழுங்குகின்றன. கீழே உள்ள வீக்கத்தைத் தொடுவதில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் நீளம். அதை மெல்லிய ஸ்பாஞ்ச் என்ன செய்ய முடியும்? பளபளப்பு போய் மந்தம் மட்டும் மிஞ்சும் அறையை அது உண்டாக்கும். பலன் தருவது ராக்வுல். கட்டடங்களில் வெப்பத் தடுப்புக்காக விற்கிறார்கள். நான்கு அங்குலக் கனத்தில் மரச்சட்டத்துக்குள் அடைத்து, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் முழுவதும் மூடி (அதன் தூசி மூச்சில் போகக்கூடாது, கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவேண்டாம்), சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் இன்னும் கீழே வரை வேலை செய்யும். நான்கைந்து பலகைகளே பெரிய மாற்றம் தரும். அதற்கும் வழியில்லாதவர் துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி, தரையில் ஜமக்காளம் விரித்து, அறையின் சரியான நடுவைத் தவிர்த்து உட்காரட்டும். செலவே இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவை எல்லாம் அறைக்குள் சுழலும் ஒலியை அடக்குபவை. வெளியிலிருந்து வரும் ஆட்டோ சத்தத்தையோ பக்கத்து வீட்டு குக்கர் விசிலையோ இவை தடுக்காது. அதைத் தடுக்கக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். வாடகை வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். பின்னிரவிலும் விடியற்காலையிலும் பதிவு செய்கிறவர்கள் இதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் அது கொடுமை என்பது தெரியும்; ஒரு கீர்த்தனை பதிந்து, விசிறி போட்டு ஆறி, அடுத்ததைப் பதிவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

மைக் வாங்கும்போதும் இந்த அறைச் சத்தம்தான் கணக்கைத் தீர்க்கிறது. ரோட் என்டி1-ஏ மைக்கின் சொந்த இரைச்சல் 5 டெசிபெல் என்று அதன் விவரத்தாள் சொல்கிறது. ஆடியோ-டெக்னிகா ஏடி2020இன் இரைச்சல் 20 டெசிபெல். தாளில் பெரிய வித்தியாசம். ஆனால் விசிறி நின்ற இரவு நேரத்து வீட்டறையே ஏறக்குறைய 30 டெசிபெல் சத்தத்தோடுதான் இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் இரண்டு மைக்கின் இரைச்சலும் மறைந்துவிடும். மைக்கில் மிச்சப்படுத்திய பணத்தை ராக்வுல்லில் போடுங்கள் என்பேன்.

கன்டென்சரா, டைனமிக்கா என்ற பழைய வாதத்துக்கு ஒரே விடை கிடையாது. வீணையின் தந்தி ஒலியும் அதன் நீண்ட கார்வையும் கன்டென்சரில்தான் முழுமையாக விழும். அதே கன்டென்சர் தெருவையும் சேர்த்துப் பிடிக்கும். போக்குவரத்து ஓயாத சாலையோர வீட்டில் வாய்ப்பாட்டுக்கு, 1966இலிருந்து மேடைகளில் இருந்துவரும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் நெருக்கத்தில் வைத்தால் நல்ல பலன் தரும் (இதற்குப் போலிகள் ஏராளம்; அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டுமே வாங்குங்கள்). பாட்காஸ்ட்களில் எங்கும் தெரியும் எஸ்எம்7பி மீது பலருக்கு மோகம். நல்ல மைக்தான். ஆனால் அதற்குக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் தேவை. விலை குறைந்த சவுண்ட் கார்டுகள் அந்த அளவில் திணறி இரைகின்றன. மெல்லிய வீணைக்கு அதை வாங்குவது வீண் செலவு.

எந்த மைக் என்பதைவிட எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. வாய்க்கு முன்னால் ஒரு சாண் அல்லது சற்று அதிகம், நேர் எதிரில் இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். மிக நெருங்கினால் கீழ் ஒலிகள் மிகையாகும். நம் பாடகர்கள் கையும் தலையும் அசைத்துப் பாடுகிறவர்கள். நெருங்கிய மைக்கில் ஒவ்வோர் அசைவும் ஒலியை ஏற்றி இறக்கும். அதனாலும் கொஞ்சம் தூரம் நல்லது, அறை அடங்கியிருந்தால். வீணைக்குக் குடத்தின் பலகையை நோக்கி ஒன்றரை அடியில் தொடங்கி, தண்டியின் பக்கம் மெல்ல நகர்த்திக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் மீட்டும் நகவொலி குறைந்து நாதம் கூடும். வயலினுக்கு இரண்டு மூன்று அடி மேலிருந்து. மிக அருகில் வைத்தால் வில்லின் உரசல்தான் முன்னால் நிற்கும். மிருதங்கத்துக்கு ஒரே மைக் என்றால் நடுவில் முன்னால் இரண்டடி தள்ளி. இரண்டு இருந்தால் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கை நகர்த்தி நகர்த்திக் கேட்கும் அரைமணி நேரம், பிறகு மென்பொருளில் செலவாகும் பல மணி நேரத்தை மிச்சமாக்கும்.

சவுண்ட் கார்டு, அதாவது ஆடியோ இன்டர்ஃபேஸ், வாங்கும்போது எல்லோரும் பிராண்டைப் பார்க்கிறார்கள். எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: ஒரே நேரத்தில் எத்தனை மைக்? தனியாகப் பாடிப் பழகுகிறவருக்கு ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற ஒற்றை மைக் கார்டு போதும். பாட்டோடு வயலின் சேர்ந்தாலே இரண்டு. மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்தால் நான்கு. பெஹ்ரிங்கர் யுஎம்சி404எச்டி போன்ற நான்கு மைக் கார்டுகள், இரண்டு மைக் உள்ள விலையுயர்ந்த கார்டைவிட நமக்கு அதிகம் பயன்படும். ராக், பாப் முறையில் ஒவ்வொருவராக ஹெட்ஃபோன் மாட்டித் தனித்தனி டிராக்காகப் பதியலாம். அதற்கு ஒற்றை மைக்கே போதும். கர்நாடக இசையில் அது ஒத்துவராது. பாடகர் ஒரு ஸங்கதியை நீட்டும்போது வயலின் அதைப் பின்தொடர்வதும், சரணத்தின் முடிவில் மிருதங்கக்காரர் முகம் பார்த்து அடக்குவதும் ஒரே நொடியில் நடக்க வேண்டியவை. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே தடவையில் பதிவதே சரி. ஒருவரின் ஒலி மற்றவரின் மைக்கில் கலப்பதைக் குறைக்க, ஒரு மைக் தன் வாத்தியத்துக்கு எவ்வளவு தூரமோ அதைப்போல் மூன்று மடங்காவது அடுத்த மைக்கிலிருந்து தள்ளியிருக்கும்படி அமர்த்தினால் போதும். இப்படி ஒரே நேரத்தில் பல மைக் தேவைப்படுவதால்தான் யூஎஸ்பி மைக்கை நான் சிபாரிசு செய்வதில்லை. அது தனிக்குரலுக்குச் சுலபம். இரண்டாவது ஆள் வந்து அமர்ந்தவுடன் முட்டுச்சந்து.

வீணையில் கான்டாக்ட் மைக் பொருத்தியிருப்பவர்கள், ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று மாற்றக்கூடிய உள்ளீடு கார்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் அந்த ஒலி மெலிந்து தகரம் போல் கேட்கும். கன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் பொத்தானும் வேண்டும். இன்று ஏறக்குறைய எல்லாக் கார்டிலும் இருக்கிறது.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. நம் வீடுகளில் எர்த்திங் சரியில்லாதது சகஜம். பதிவில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கணமே அடங்கும். அதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கு ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்வதும் இசைப்பதிவுச் செலவில் சேர்ந்ததே.

எண்களைப் பற்றிய விளம்பரப் போட்டியில் இறங்க வேண்டாம். 1982இல் வந்த குறுந்தகட்டின் அளவு நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட். மனிதக் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்க அது போதும். வீடியோவோடு சேர்ப்பவர்கள் அதிகம் என்பதால் 48,000 வைத்துக்கொள்ளலாம். 96,000 கோப்பை இரண்டு மடங்காக்கும், காதுக்கு ஒன்றும் சேர்க்காது. பிட் மட்டும் 24 இருக்கட்டும். 16 பிட்டின் வீச்சு 96 டெசிபெல். 24 பிட்டில் அதைவிடத் தாராளமான இடம் இருப்பதால், மிக உரத்த இடம் மென்பொருளின் மீட்டரில் கழித்தல் 12ஐத் தாண்டாமல் கெயினைக் குறைத்து வைத்துப் பதியலாம். ஆலாபனையின் முதல் கீற்றிலிருந்து தனி ஆவர்த்தனத்தின் கோர்வை வரை ஒலி எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இசைக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஹெட்ஃபோனில் தன் குரல் தாமதமாகக் கேட்பது இன்னொரு தொல்லை. கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாக வாங்கிக் கொடுக்கிறது. கட்டு 256 மாதிரி என்றால் 48,000இல் ஒரு வழிக்கு 5.3 மில்லிநொடி, போக வரச் சேர்த்தால் பத்துக்கு மேல். காற்றில் மூன்றரை மீட்டர் தள்ளி நின்று தன் குரலைக் கேட்பதற்குச் சமம். பேச்சுக்குப் பரவாயில்லை, பிருகா உதிரும் குரலுக்கு இடைஞ்சல். கட்டைக் குறைத்தால் பழைய கணினி திணறி ஒலி வெடிக்கும். வேகமான கணினி வாங்க ஓட வேண்டாம். கார்டிலேயே ‘டைரக்ட் மானிட்டர்’ வசதி இருந்தால் குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். விண்டோஸில் கார்டு நிறுவனத்தின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவுவதும் அவசியம். ப்ளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு உதவவே உதவாது. காதை முழுதும் மூடும் சோனி எம்டிஆர்-7506 போன்ற கம்பி ஹெட்ஃபோன் பல ஆண்டு உழைக்கும். கணினியைப் பொறுத்தவரை எட்டு ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ள சில ஆண்டு பழைய மடிக்கணினியே நான்கு டிராக் பதிவுக்குத் தாராளம்.

இப்போது மென்பொருள். மைக்கிலிருந்து கார்டு அனுப்பும் எண்களை எழுதி வைப்பதில் எல்லா மென்பொருளும் ஒன்றே. ஒரே டேக்கை ஆடாசிட்டியில் பதிந்தாலும் புரோ டூல்ஸில் பதிந்தாலும் கோப்பு வித்தியாசப்படாது. வேறுபடுவது வேலை செய்யும் வசதி. ஆடாசிட்டி இலவசம், குருவிடம் பாடம் பதிவதற்கும் ஒற்றை டிராக்கை வெட்டி ஒட்டுவதற்கும் போதும். பல டிராக்குகளைக் கலக்கும் வேலைக்கு நான் சொல்வது ரீப்பர். வினாம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் படைப்பு இது. அளவில் சிறியது, பழைய கணினியிலும் ஓடும், 60 நாள் எந்தக் குறைப்பும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். மேக் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் கூடவே வருகிறது, வளர்ந்தால் லாஜிக். லினக்ஸில் ஆர்டர். ஏபிள்டன் லைவும் எஃப்எல் ஸ்டுடியோவும் பீட் அமைத்து இசை கட்டுபவர்களுக்கு அருமையானவை. கச்சேரிப் பதிவுக்கு அவற்றின் பலம் பயன்படாது. திருட்டுப் பிரதியை நிறுவிக் கொடுக்கும் பழக்கம் நம் கடைகளில் இன்னும் போகவில்லை. அதோடு வைரஸும் வந்து பதிவுகளையே அழித்துவிடக்கூடும், இலவசமாகவும் மலிவாகவும் இவ்வளவு இருக்கும்போது அதற்கு எந்த நியாயமும் இல்லை.

எந்த மென்பொருள் என்பதைவிட அதற்குள் எந்தப் பொத்தானை அழுத்தக்கூடாது என்பதே நம் இசைக்கு முக்கியம். 1997இல் வந்த ஆட்டோ-ட்யூனும் அதன் வழிவந்தவையும் ஒரு ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டு படிகளாகப் பிரித்து, குரலை மிக அருகிலுள்ள படியில் நிறுத்துகின்றன. தோடியின் காந்தாரம் எந்தப் படியிலும் நிற்பதில்லை. அசைவே அதன் உருவம். மென்பொருள் அந்த அசைவைப் பிழையென்று கணித்து நேராக்கினால் தோடி அங்கே செத்துப்போகிறது. கையால் வளைவைத் திருத்தும் மெலடைன் இன்னும் நுட்பமானது என்றாலும், ஒரு கமகத்தை எங்கே ஒரு ஸ்வரம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று வெட்டுவதில் அதுவும் தடுமாறும். சுருதி சேராத இடத்தைத் திரும்பப் பாடிப் பதிவதே வழி.

கீபோர்டு ஒலியைப் பின்னணியில் சேர்க்கிறவர்களும் கவனிக்க வேண்டும். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் மந்தர ஸட்ஜத் தந்தியிலிருந்து தானே எழும் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட் (சென்ட் என்பது அந்தச் சமப் படி ஒன்றில் நூறில் ஒரு பங்கு) உயரத்தில் இருக்கும். கீபோர்டின் காந்தாரம் 400இல் நிற்கும். அந்த 14 சென்ட் வித்தியாசம் தொடர்ந்து உராயும். ஸட்ஜ பஞ்சமத்தோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் உராய்வு இல்லை.

இரைச்சல் நீக்கும் பிளக்-இன்கள் தம்புராவுக்குச் செய்யும் கொடுமை தனி. இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று கணிப்பதே அவற்றின் அடிப்படை. தம்புரா அப்படித்தானே ஒலிக்கிறது? கொரோனா காலத்து இணைய வகுப்புகளில் தம்புரா விட்டுவிட்டுக் கேட்டதும் இதனால்தான். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பை இயக்கினால் சரியாகும். பதிவில் இதைத் தவிர்க்க, தம்புராவைப் பாடகரின் காதுக்கு மட்டும் ஹெட்ஃபோனில் கொடுத்துத் தனி டிராக்காகப் பதியலாம். தம்புரா காற்றில் ஒலித்தால்தான் பாட வரும் என்பவர்களுக்கு அது ஒலிக்கட்டும். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அப்போது தம்புரா தொடங்குமுன் பத்து நொடி வெறும் அறையைப் பதிந்து, அதையே இரைச்சலின் மாதிரியாகக் காட்ட வேண்டும். அளவுக்குக் கீழே போகும் ஒலியை அறுத்துவிடும் ‘நாய்ஸ் கேட்’டைத் தொடவே வேண்டாம். வீணையின் கார்வை அடங்கும் கடைசி நொடிகளை அது வெட்டும்.

தாளத்துக்கு மெட்ரோனோம். மிச்ர சாபுவை ஏழாகவும் கண்ட சாபுவை ஐந்தாகவும் எல்லா மென்பொருளும் எண்ணும். ஆனால் கச்சேரியில் காலப்பிரமாணம் மூச்சுவிடும். நிரவலில் கொஞ்சம் இறுகும், திரும்பப் பல்லவியில் அமரும். மெட்ரோனோமின் கிளிக்குக்குக் கட்டிப்போட்டால் அந்த உயிர்ப்பு போகும். பிறகு வேறு வாத்தியங்களைச் சேர்க்கும் திட்டம் இருந்தால் மட்டும் கிளிக் வைக்கலாம்.

பதிந்ததை எப்படிச் சேமிப்பது என்பது வாங்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம். 2002இல் ஆப்பிள் லாஜிக்கை வாங்கியதும் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. 2017இல் கிப்சன் நிறுவனம் கேக்வாக்கை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பேண்ட்லேப் அதை எடுத்து இலவசமாக்கியிராவிட்டால் பலருடைய வேலை நடுவழியில் நின்றிருக்கும். மென்பொருளின் சொந்தக் கோப்பை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து முழு நீளத்தில் வேவ் கோப்பாக எடுத்து வைக்க வேண்டும். 24 பிட், 48,000இல் ஒரு டிராக்குக்கு மணிக்கு ஏறத்தாழ 518 எம்பி. நான்கு டிராக்கில் இரண்டு மணி நேரக் கச்சேரி நான்கு ஜிபியைச் சற்றுத் தாண்டும். எம்பி3 அனுப்புவதற்கு மட்டும். கோப்பின் பெயரிலேயே ராகம், தாளம், சுருதி, தேதி, பாடியவர் பெயர் இருக்கட்டும். ஒரு பிரதி கணினியில், இன்னொன்று வெளி வட்டில், மூன்றாவது வேறொரு வீட்டில்.